இறம்பொடையிலிருந்து திருச்சிக்கு ஒரு கார்ப் பயணம்

பாரிஸில் இருக்கும் எங்கள் கூட்டாளி ஒருவன் போன வருஷம் கொஞ்சம் படங்கள் அனுப்பினான். பழைய கார் ஒன்றில் நாலு பேராகக் கிளம்பி, லக்சம்பேர்க், ஜேர்மனி, ஒஸ்ட்ரியா, இத்தாலி, சுவிஸ் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

"பார்டர்ல எவ்வளவு நேரம் நிக்க வச்சாங்க?" என்று கேட்டோம்.

"எந்த பார்டர்? நீலக் கலர்ல ஒரு போர்டு வரும், அவ்வளவுதான். ஒண்ணுல நான் தூங்கியே போயிட்டேன்" என்றான்.

அந்தப் பேச்சு எங்களை விடவில்லை. இறம்பொடைச் சந்தியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த ஐந்து பேரும் அன்றைக்கே ஒரு திட்டம் போட ஆரம்பித்தோம். ஐரோப்பாவுக்கு இல்லை. நம்ம பக்கத்திலேயே, கார் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி ஒரு நீண்ட பயணம். புறப்படும் இடம் இறம்பொடை. போய்ச் சேரும் இடம் திருச்சி.

ஏன் திருச்சி? எங்களில் பலருடைய வீட்டில் "நம்ம ஊரு" என்று ஒரு பெயர் இருக்கிறது. துறையூர், முசிறி, நாமக்கல், பெரம்பலூர், புதுக்கோட்டை. அந்த ஊரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எங்கள் அப்பா அம்மாவும் பார்த்ததில்லை. ஆனால் சாவு வீட்டிலும் கல்யாணப் பேச்சிலும் அந்தப் பெயர் வந்துவிடும். திருச்சிக்குப் போனால் எல்லாருடைய ஊருக்கும் அங்கிருந்து ஒரு பஸ் இருக்கும் என்பது எங்கள் கணக்கு.

போனை எடுத்து இறம்பொடை, திருச்சி என்று இரண்டு பெயரையும் போட்டு வழி கேட்டோம். வழி கிடைக்கவில்லை என்றது. அங்கிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. வழி இல்லை என்று போன் சொல்வது இன்றைக்குச் சரி. ஆனால் நூறு வருஷத்துக்கும் மேலாக லட்சக்கணக்கானவர்கள் போய் வந்த வழி அது. அது எப்படி இல்லாமல் போனது?

முதல் வேலை: வழி

தரையில் போகிற பகுதி சுலபம். இறம்பொடையிலிருந்து தவலந்தென்னை, புசல்லாவை, கம்பளை, பேராதனை வழியாகக் கண்டி. கண்டியிலிருந்து ஏ9 பாதையில் மாத்தளை, நாலந்தா, தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி. மதவாச்சியில் இடப்பக்கம் திரும்பினால் ஏ14 பாதை செட்டிகுளம், முருங்கன், மன்னார் தாண்டி நேராகத் தலைமன்னாரில் கொண்டு விடும். எல்லாம் சேர்த்து 300 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. விடியக்காலையில் கிளம்பினால் பின்னேரத்துக்குள் கடலைப் பார்க்கலாம்.

இந்த வழியைத் தாளில் எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. நாங்கள் புதுசாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. இது நம்மாட்கள் வந்த வழி. நாங்கள் அதைத் தலைகீழாக எழுதியிருக்கிறோம்.

1820களில் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹாபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். மலையக மக்களின் 200 வருஷக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1833இல் இராஜகாரிய முறை ஒழிந்தது. அதாவது அரசுக்காகக் கட்டாய ஊழியம் செய்ய வைப்பது நின்றது. கண்டிச் சீமை விவசாயிகளுக்குச் சொந்தக் காணி இருந்தது. தோட்டத்தில் போய் நாட்கூலிக்கு நிற்க அவர்களுக்குப் பெரிய விருப்பம் இல்லை. 1840களில் கோப்பி பெருகியபோது துரைமார் ஆள் தேடியது கடலுக்கு அந்தப் பக்கம். எங்களுக்குப் பக்கத்தில் புசல்லாவையில் வோர்ம்ஸ் சகோதரர்கள் ரொத்சைல்ட் தோட்டத்தைத் திறந்தது 1841இல். அந்த வருஷங்களில்தான் வடக்குப் பாதை நிரம்ப ஆரம்பித்தது.

திருச்சி, மதுரை, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கால்நடையாக இராமேஸ்வரம் கரை. அங்கே தோணி. மன்னார்க் கரையில் இறங்கி மறுபடி நடை. மன்னாரிலிருந்து மாத்தளை வரை சுமார் 250 கிலோமீற்றர், பெரும்பகுதி காடு. குடிக்கிற தண்ணி கிடைப்பதே பெரும்பாடு. கொலரா, அம்மை, மலேரியாக் காய்ச்சல். விழுந்தவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் நடந்தது. 1840களில் மட்டும் 70,000 பேர் செத்தார்கள் என்று அந்தக் காலத்திலேயே ஒரு கணக்குச் சொல்லப்பட்டது. அது கூடவா குறையவா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எண் எதுவானாலும், பெயர் எழுதிய கல் ஒன்றும் அந்தக் காட்டில் நடப்படவில்லை. உயிரோடு மாத்தளை வந்து சேர்ந்தவர்கள் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு மலை ஏறினார்கள் என்பது எங்கள் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படுவது. மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கு இன்றும் மலையகத்திலிருந்து கூட்டம் போவதற்கு அந்த நன்றியும் ஒரு காரணம்.

நாங்கள் ஓட்டப்போகிற பாதை பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலைநாட்டு ரோடுகளை தோமஸ் ஸ்கின்னர் போட்டார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்த ரோடுகளில் கல் உடைத்தவர்களில் கடல் தாண்டி வந்த தமிழ்த் தொழிலாளர்களும் இருந்தார்கள். பயனியர் படை என்று அதற்குப் பெயர். தோட்டத்துக்கு நடந்து வந்தவர்கள் மட்டும் இல்லை, தோட்டத்துக்குப் போகிற பாதையைப் போட்டவர்களும் நம்மாட்கள்தான்.

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் கிளம்பியது. மாண்புமிகு மலையக மக்கள் என்ற பெயரில், 200 வருஷத்தை நினைத்து. ஒகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளை வந்து சேர்ந்தார்கள். 16 நாள். வழியில் சாப்பாடு இருந்தது, படுக்க இடம் இருந்தது, தண்ணிப் போத்தல் இருந்தது, சிங்கள ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் ஆட்கள் வந்து வரவேற்றார்கள். அப்படியும் 16 நாள். எங்கள் திட்டத்தில் அதே தூரத்துக்கு நாங்கள் ஒதுக்கியது அஞ்சு மணித்தியாலம்.

இரண்டாவது: செலவு

பயணம் என்றால் முதலில் காசுக் கணக்கு. பெற்றோல், சாப்பாடு, அறை, விசா என்று நாங்களும் ஒரு கொப்பியில் எழுதினோம். எழுதும்போது கேள்வி வந்தது. அந்தக் காலத்தில் இந்தக் கணக்கை யார் எழுதியது?

கங்காணி. ஊருக்குப் போய் ஆள் சேர்ப்பது, கூட்டிக்கொண்டு வருவது, வழிச் செலவு பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தோட்டத்துரை முன்பணம் கொடுப்பார். அதை வைத்துக் கங்காணி ஊரில் இருக்கிற கடனை அடைப்பார், வழியில் சோறு போடுவார், தோணிக்காசு கொடுப்பார். அத்தனையும் ஆளின் பெயரில் கடனாக ஏறும். வழியில் புருஷன் செத்தால் அவன் கடன் குடும்பத்தின் தலையில் விழும். ஆக, நம்மாட்கள் அந்தக் காட்டை இலவசமாகத் தாண்டவில்லை. தாங்கள் சாகக் கூடிய ஒரு பயணத்துக்குத் தாங்களே காசு கட்டினார்கள், அதுவும் வருஷக்கணக்கில் சம்பளத்தில் பிடித்து.

இந்தக் கடன் வெறும் காசு இல்லை, அது பூட்டும் கூட. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்தக் கூட்டத்தை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு அது. புதுத் துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் கைமாறும், ஆட்களும் கைமாறுவார்கள். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

எங்கள் கொப்பியில் ஐந்து பேருக்கும் சமமாகப் பிரித்த செலவுக் கணக்கு இருக்கிறது. யாரும் யாருக்கும் சொந்தமாகி விடமாட்டோம். அந்த வித்தியாசத்தை எழுதி வைக்கத் தோன்றியது.

மூன்றாவது: கடதாசி

பாரிஸ் கூட்டாளிக்கு ஒரு அடையாள அட்டை போதுமாக இருந்தது. எங்களுக்குக் கடவுச்சீட்டு, இந்திய விசா, சர்வதேச சாரதி அனுமதி. காரைக் கொண்டு போக வேண்டுமானால் இன்னொரு புத்தகமும் வேண்டும். 'கார்னே' என்பார்கள். மோட்டார் சங்கங்கள் கொடுப்பது. காரை அந்த நாட்டில் விற்றுவிடாமல் திருப்பிக் கொண்டு போவோம் என்பதற்கு உத்தரவாதம். அதற்குப் பெரிய தொகை ஒன்றைப் பிணையாகக் கட்ட வேண்டும். ஒரு கார் எல்லை தாண்டுவதற்குக் கடவுச்சீட்டு மாதிரி ஒரு புத்தகம் இருக்கிறது என்பதே எங்களுக்குப் புதுசு.

பழைய கடதாசிகளைப் பார்ப்போம். தொடக்கத்தில் தோணியில் வந்தவர்களுக்குக் கடவுச்சீட்டு கிடையாது. இரண்டு கரையும் பிரித்தானியர் கையில். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவில் பிளேக் பரவியபோது வடக்குப் பாதையில் ஆள் வருவது நிறுத்தப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வரச் செய்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறையிலும், கொழும்புப் பக்கம் ராகமையிலும் முகாம்கள். அதே காலத்தில் வந்ததுதான் தகர டிக்கட். தோட்டத்தின் இலக்கம் பொறித்த சின்னத் தகரத் துண்டு. அதைக் காட்டினால் ரயிலும் கப்பலும் ஏற்றிக்கொண்டு போய்த் தோட்டத்தில் சேர்க்கும். பெயர் தேவையில்லை, இலக்கம் போதும். பொதி அனுப்புகிற மாதிரி.

1914இல் எல்லாம் மாறியது. அந்த வருஷம் பெப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. மார்ச் மாதம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் நீராவிக் கப்பல் ஓட ஆரம்பித்தது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயரில் கப்பல்கள். சென்னையில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்புக்கு வரலாம். போட் மெயில் என்று அதற்குப் பெயர். காசு உள்ளவர்கள் சொகுசாக வந்தார்கள். தோட்டத்துக்கு வந்தவர்களை முதலில் மண்டபம் முகாமில் இறக்கினார்கள். அங்கே சில நாள் அடைப்பு, அம்மை குத்துவது, துணிமணிக்கு மருந்துப் புகை. அதற்குப் பிறகுதான் கப்பல்.

மண்டபம் என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வரும்.

நாலாவது: திரும்பி வருவது

எந்தப் பயணத் திட்டத்திலும் கடைசி வரி திரும்பி வருகிற நாள். அதை நாங்கள் யோசிக்காமலே எழுதிவிட்டோம். பதினாலாவது நாள் வீடு.

நம்மாட்களின் கதையைச் சொல்லும்போது பொதுவாக வந்தார்கள், தங்கினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். தேடிப் படித்தபோது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது என்னவென்றால், கோப்பிக் காலத்தில் இந்தப் பாதை இருவழிப் பாதை. கோப்பிப் பழம் பறிக்க ஆள் கூடத் தேவைப்படுவது வருஷத்தில் சில மாதம்தான். அறுவடை முடிந்ததும் கையில் சேர்ந்ததை முடிந்துகொண்டு பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பினார்கள். அடுத்த வருஷம் மறுபடி வந்தார்கள். வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் போக்கும் வரவும்.

1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. பதினைந்து இருபது வருஷத்துக்குள் கோப்பி போய், அந்த மண்ணில் தேயிலை வந்தது. தேயிலைக்கு அறுவடைக் காலம் என்று தனியாக இல்லை. வருஷம் முழுக்கக் கொழுந்து வளரும், வாரா வாரம் பறிக்க வேண்டும். அதனால் ஆள் நிரந்தரமாகத் தேவைப்பட்டது. பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பம் குடும்பமாகக் கூட்டி வந்தார்கள். லயங்கள் நீண்டன. எங்கள் இறம்பொடை மலைகளில் நாம் இன்று பார்க்கிற வாழ்க்கை அப்படித்தான் வேர் பிடித்தது. செடி மாறியதால் மக்களின் வாழ்க்கையே மாறியது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

ஆனாலும் ஊருக்குப் போவது நிற்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, குலதெய்வக் கும்பிடு என்று போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கதவாகச் சாத்தப்பட்டது.

1939இல் இந்திய அரசு தொழிலாளர்கள் இலங்கைக்குப் புதிதாகப் போவதைத் தடை செய்தது. 1948இல் சுதந்திர இலங்கையின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களின் குடியுரிமையை இல்லாமல் ஆக்கியது. அதே வருஷத்து 20ஆம் இலக்கச் சட்டம் வருவதையும் போவதையும் கட்டுப்படுத்தியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அடி புரியும். இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்பதால் கடவுச்சீட்டு கிடையாது. கடவுச்சீட்டு இல்லாமல் போனால் திரும்பி வர உரிமை கிடையாது. அம்மா செத்த சேதி வந்தாலும் போக முடியாது. போனவர்கள் தோணியில் திருட்டுத்தனமாகத் திரும்பி வந்தார்கள். 'கள்ளத்தோணி' என்று ஒரு பெயர் பிறந்தது. பிறகு அந்தப் பெயர் தோணியையே கண்ணால் பார்க்காத எங்கள் எல்லார் மேலும் ஒட்டிக்கொண்டது. எங்களில் ஒருவனைப் பள்ளிக்கூடக் காலத்திலேயே பஸ்ஸில் வைத்து அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் வீட்டில் கடைசியாகக் கடல் தாண்டியது அவனுடைய பூட்டன்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் சிறிமாவும் இந்திராவும் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். எங்கே போக விருப்பம் என்று ஒப்பந்தம் போடும்போது யாரும் இந்த மக்களிடம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பாதை மறுபடி ஒருவழிப் பாதை ஆனது, இந்தத் தடவை எதிர்ப்பக்கம். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலைப் பெரியவர்கள் ஒப்பாரிக் கோச்சி என்று சொல்வார்கள். ஸ்டேஷனில் ஒரே அழுகை. அண்ணன் ஜன்னலுக்கு உள்ளே, தங்கச்சி வெளியே. ஒரே வீட்டில் ஒருவருக்கு இந்தியப் பிரஜாவுரிமை, இன்னொருவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல் ஏறி இராமேஸ்வரம். அங்கிருந்து மண்டபம் முகாம்.

அதே மண்டபம். வரும்போது அம்மை குத்தி அனுப்பிய இடத்தில், பேரப்பிள்ளைகளோடு திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள். 1983க்குப் பிறகு அதே மண்டபத்தில் அகதிகளும் வந்து தங்கினார்கள். தொழிலாளி, தாயகம் திரும்பியவர், அகதி. மூன்று பெயர், ஒரே முகாம். எங்கள் திட்டத்தில் மண்டபத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறோம்.

திரும்பிப் போனவர்கள் எல்லாரும் அந்த 'நம்ம ஊருக்கு'ப் போய்விடவில்லை. நூறு வருஷத்துக்குப் பிறகு அங்கே யார் இவர்களுக்குக் காணி வைத்திருக்கப் போகிறார்கள்? தெரிந்த தொழில் கொழுந்து எடுப்பது. தமிழ்நாட்டு அரசு அவர்களுக்காகவே நீலகிரியில் தேயிலை நட்டது. அதுதான் இன்றைக்கு டேன்டீ. கோத்தகிரி, கூடலூர் பக்கம் போனால் இன்றும் எங்கள் பேச்சு கேட்கும் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரர்'. இங்கே எங்களுக்குப் பெயர் 'இந்தியத் தமிழர்'. இந்தக் கணக்கு மட்டும் எங்களுக்கு விளங்கவே மாட்டேன் என்கிறது.

இந்தியாவுக்கும் போகாமல் வடக்குப் பாதையில் பாதி வழி போனவர்களும் இருக்கிறார்கள். 1977 கலவரத்தில் அடிபட்டவர்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினார்கள். முன்னோர் செத்து விழுந்த வன்னிக் காட்டையே வெட்டித் தோட்டம் செய்தார்கள்.

அஞ்சாவது: அந்த 30 கிலோமீற்றர்

சரி, தலைமன்னார் வந்துவிட்டோம். எதிர்க்கரை தனுஷ்கோடி. இடையில் கடல் சுமார் 30 கிலோமீற்றர். இறம்பொடையிலிருந்து கம்பளைக்குப் போகிற தூரத்தை விடப் பெரிய வித்தியாசம் இல்லை. நீந்தியே தாண்டியவர்கள் இருக்கிறார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த ரயில் ஒன்றும் கடலுக்குள் போனது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து இரண்டு மாதம் கூட ஆகவில்லை. பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980களில் யுத்தம் அதையும் நிறுத்தியது. தலைமன்னார் ரயில் பாதையும் யுத்தத்தில் போனது. அதைத் திரும்பப் போட்டு 2015 மார்ச்சில் திறந்தார்கள். இன்றைக்கு ரயில் தலைமன்னார் இறங்குதுறை வரை போகிறது. இறங்குதுறையில் கப்பல்தான் இல்லை. அந்தப் பக்கமும் அப்படித்தான். 1988 வரை பாம்பனைத் தாண்ட ரயில் பாலம் மட்டும்தான். இப்போது கார் போகிற பாலம் இருக்கிறது, அரிச்சல்முனை வரை நல்ல தார் ரோடும் இருக்கிறது. இரண்டு பக்கமும் ரோடு கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

இதில் சிரிப்பு என்னவென்றால், தாளில் இந்த ரோடு முழுசாக இருக்கிறது. ஆசிய நெடுஞ்சாலை வலைப்பின்னல் என்று ஐ.நா.வின் ஆசிய பசிபிக் ஆணைக்குழு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. நாடுகள் கையெழுத்து வைத்த ஒப்பந்தம் அது. அதில் 43ஆம் இலக்கப் பாதை ஆக்ராவில் தொடங்கி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர், மதுரை, தனுஷ்கோடி, பிறகு தலைமன்னார், தம்புள்ளை, கொழும்பு, மாத்தறை. போனுக்குத் தெரியாத வழி ஐ.நா.வுக்குத் தெரிந்திருக்கிறது!

கடலில் பாலம் போடுவது பற்றி ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு பேச்சு வரும். பாலம் வேண்டுமா வேண்டாமா, அந்த மணல் திட்டுகளுக்கும் மீனவர்களுக்கும் என்ன ஆகும் என்பது பெரிய விவாதம், அதை இங்கே தீர்க்க முடியாது. நாங்கள் சொல்ல வருவது சின்ன விஷயம். 1914இல் ஓடிய கப்பல் இன்றைக்கு ஓட முடியாத அளவுக்குக் கடல் ஆழமாகிவிடவில்லை.

ஐரோப்பாக் கதையையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். அந்த நீல போர்டுகள் இயற்கையாக முளைக்கவில்லை. பிரான்ஸும் ஜேர்மனியும் 70 வருஷத்துக்குள் மூன்று பெரிய யுத்தம் செய்த நாடுகள். 1985 ஜூனில் லக்சம்பேர்க்கில் ஷெங்கன் என்ற சின்ன ஊரில், ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் வைத்து ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன. 1995இல் அது நடைமுறைக்கு வந்தது. மனிதர் மூடிய கதவை மனிதர் திறந்தார்கள், அவ்வளவுதான். அதே நேரம் ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறவனுக்கு அந்தச் சுவர் எவ்வளவு உயரம் என்று விசாவுக்கு அலைந்த எங்கள் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். பாரிஸ் கூட்டாளியும் அதற்குள் நுழைந்த கதையைத் தூங்கிக்கொண்டு சொல்ல மாட்டான்.

கடைசியாக: திட்டம்

ஆகவே எங்கள் கார் தலைமன்னாரோடு நிற்கும். கார்னே புத்தகம், பிணைப் பணம், கொழும்பிலிருந்து சரக்குக் கப்பலில் காரை ஏற்றுவது எல்லாம் எங்கள் கொப்பிக்குக் கட்டாது. இறங்குதுறையைப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணம் போவோம். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் மறுபடி தொடங்கியது. இடையிடையே நிற்கும், மாரிக் கடலில் ஓடாது. அதனால் மாரிக்கு முன் போக வேண்டும். ஆட்களை மட்டும்தான் ஏற்றும், காரை ஏற்றாது. நாகபட்டினத்தில் இறங்கி வாடகைக் கார். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பது ஒரு நிம்மதி. தஞ்சாவூர், திருச்சி. பிறகு அவரவர் ஊர். திரும்பும்போது இராமநாதபுரம், மண்டபம், அரிச்சல்முனை. ஆக, எதிர்க்கரையிலிருந்து தலைமன்னார்ப் பக்கம் பார்த்துவிட்டு, அதே 30 கிலோமீற்றரைத் தாண்ட முடியாமல் மறுபடி நாகபட்டினம் வர வேண்டும்.

நாங்கள் இதை எழுதிக்கொண்டிருக்கும் நாட்களில் இறம்பொடை வழியாக இந்தியச் சுற்றுலா வேன்கள் போய்க்கொண்டிருக்கின்றன. இராமாயண வழித்தடம் பார்க்க வருகிறார்கள். மலை மேல் இருக்கிற அனுமார் கோயிலில் நின்று கொத்மலை நீர்த்தேக்கத்தைப் படம் எடுக்கிறார்கள். நல்லது, வரட்டும், எங்கள் கடைக்காரர்களுக்கும் வியாபாரம். அனுமார் கடல் தாண்டிய வழிக்கு ஊருக்கு ஊர் போர்டு இருக்கிறது. அந்த வேன் ஜன்னலில் தெரிகிற கொழுந்து எடுக்கிறவர்களின் முன்னோர் கடல் தாண்டிய வழிக்கு மதவாச்சியிலும் இல்லை, தம்புள்ளையிலும் இல்லை, ஒரு போர்டு.

1948இல் பறித்ததை முழுசாகத் திருப்பித் தர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை ஆனது. இன்றைக்கு எங்கள் ஐந்து பேரிடமும் இலங்கைக் கடவுச்சீட்டு இருக்கிறது. வீட்டில் ஒரு பாட்டியிடம் அதைக் காட்டினோம். எழுத்தைப் பார்க்கவில்லை, அட்டையைத் தடவிப் பார்த்தார். "இதக் காட்டினா திரும்பி வர விடுவாங்களா?" என்று மட்டும் கேட்டார். அவருடைய அக்கா 1970களில் கப்பல் ஏறிக் கோத்தகிரிக்குப் போனவர். இருவரும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை.

விடுவாங்க என்று சொன்னோம். கோத்தகிரிக்கும் இரண்டு நாள் கூட்டியிருக்கிறோம். இப்போது திட்டம் பதினாறு நாள்.

இதை வாசிக்கிற நீங்கள் மலையகத்துப் பிள்ளை என்றால் இன்றைக்கே வீட்டில் மூன்று கேள்வி கேளுங்கள். நம்ம ஊர் எது? எந்த வழியில வந்தோம்? போனது யார், எங்கே இருக்கிறார்கள்? பழைய தகர டிக்கட், இந்தியக் கடவுச்சீட்டு, கோத்தகிரியிலிருந்தோ கூடலூரிலிருந்தோ வந்த கடிதம் ஏதாவது ட்ரங்குப் பெட்டிக்குள் கிடந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். காரில் ஒரு சீட் இன்னும் காலியாக இருக்கிறது. பாட்டி வருகிறேன் என்றால் அது அவருக்கு.